குழல் மாற்றிய ரைஃபிளில் காலி கேஸ் ஏன் சிக்குகிறது?

போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளுக்குப் புதுக் குழல் போட்டாயிற்று. சுட்ட பிறகு, குழலின் பின்வாயை மூடும் உருளையான போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கினால் கை வலிக்கிறது. அல்லது கைப்பிடி சுலபமாக எழுந்துவிடுகிறது, பின்னால் இழுத்தால் மட்டும் நகர மறுக்கிறது. கேஸ், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, உள்ளேயே இறுகி நிற்கிறது. பழைய குழலில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை, தோட்டாவும் அதேதான். அப்படியென்றால் குழல் போட்டவர் சொதப்பிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். சில சமயம் அது உண்மை. ஆனால் பல சமயம் குழலில் ஒரு குறையும் இருக்காது. சுட்ட கேஸில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துச் சுடுபவர்களுக்கு, பழைய குழலுக்கு ஏற்றபடி பழகிப்போன கேஸ், டை (கேஸை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), மருந்து அளவு எல்லாம் புதுக் குழலுக்கு ஒத்துவராததுதான் சிக்கலாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் தேவையில்லை. போல்ட்டின் பயணத்தில் எந்தக் கட்டத்தில் சிக்குகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு முன்னால், இப்போது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் கேஸை வெளியே எடுக்க வேண்டும்.

முதலில் கேஸை எடுப்போம்

குழல் முனை பாதுகாப்பான திசையில் இருக்கட்டும், விரல் டிரிகர் பக்கமே போகக் கூடாது. உள்ளே இருப்பது சுட்ட கேஸ்தானா என்பதைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும். வெடித்தது, உதைத்தது, குண்டு இலக்கில் பட்டது என்றால் சந்தேகமில்லை. டிரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், குழல் முனையை அதே திசையில் வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடி பொறுத்திருங்கள். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் சில சமயம் தாமதமாகப் பற்றிக்கொள்ளும். சுடாத தோட்டா உள்ளே இறுகியிருந்தால் குழல் முனை வழியாகக் கம்பி விட்டுத் தட்டவே கூடாது. அதை அப்படியே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதுதான் சரி.

சுட்ட கேஸ்தான் என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். சூடு இறங்கும்போது பித்தளை இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும். அதனாலேயே சில கேஸ்கள் பத்து நிமிடத்தில் தானாகத் தளர்ந்துவிடும். அப்புறமும் வரவில்லை என்றால் கைப்பிடியை உள்ளங்கையால் உறுதியாகத் தள்ளிப் பார்க்கலாம். சுத்தியலை எடுக்க வேண்டாம். ரெமிங்டன் 700 போன்ற ரைஃபிள்களில் கைப்பிடி, போல்ட்டின் உடலோடு பற்றவைத்து ஒட்டப்பட்ட தனித் துண்டு. ஓங்கி அடித்தால் அந்த ஒட்டு விட்டுப்போய்க் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

போல்ட் திறந்துவிட்டது, கேஸை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கேஸின் விளிம்பிலிருந்து நழுவியதால் கேஸ் மட்டும் உள்ளே நிற்கிறது என்றால் வேலை எளிது. பின்பக்கமிருந்து பார்த்தால் பிரைமரில் ஊசி குத்திய குழி தெரியும். குழல் முனை வழியாகப் பித்தளைக் கம்பியைக் கேஸின் உள்அடியில் முட்டும் வரை விட்டு, மெதுவாகத் தட்டினால் போதும். பாதி வழியிலேயே கம்பி எதிலாவது முட்டி நின்றால் உடனே நிறுத்துங்கள். குழலுக்குள் குண்டு நின்றிருக்கலாம். அது வேறு கதை, அதற்கும் பழுதுபார்ப்பவர்தான் வேண்டும்.

எடுத்த கேஸைத் தூக்கி எறியாதீர்கள். இனி நடக்கப்போகும் விசாரணைக்கு முக்கிய சாட்சி அதுதான்.

கேஸ் இறுகுவதும் விடுவதும்

தோட்டாவின் கேஸ் பொதுவாக 70 சதவீதம் தாமிரமும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறுகிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) அனுமதிக்கும் உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, .30-06 தோட்டாவுக்கு 60,000. இந்த அழுத்தத்தில் பித்தளைச் சுவர் உப்பி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அப்படி அப்பிக்கொள்வது நல்லதுதான். அதனால்தான் சூடான வாயு பின்னால் கசிந்து உங்கள் முகத்தில் அடிக்காமல் இருக்கிறது. எல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும். அழுத்தம் இறங்கியதும் பித்தளை தன் பழைய அளவை நோக்கிக் கொஞ்சம் சுருங்கி, சுவரைவிட்டு விலகுகிறது. அந்த விலகல் மயிரிழை அளவுதான். அது இருந்தால் கேஸ் வழுக்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் சிக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுடும்போது கேஸ் மட்டும் விரிவதில்லை, சேம்பரும் விரிகிறது. எஃகுதானே, அது எங்கே விரியப்போகிறது என்று நினைக்கலாம். அந்த அழுத்தத்தில் எஃகும் நெகிழத்தான் செய்யும். அழுத்தம் போனதும் முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்பியும்விடும். பித்தளை அப்படியல்ல. ஓரளவுக்கு மேல் இழுபட்டால் அதன் ஒரு பகுதி நிரந்தரமாகவே விரிந்துவிடும், மீதிதான் சுருங்கும். அழுத்தம் அளவோடு இருந்தால் பித்தளை சுருங்குவது எஃகு சுருங்குவதைவிட அதிகமாக இருக்கும், இடைவெளி கிடைக்கும். அழுத்தம் எல்லை மீறினால் எஃகு அதிகமாக விரிந்து, அதிகமாகத் திரும்பி வந்து, சுருங்க முடியாமல் நிற்கும் பித்தளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொள்வது போல.

ஆகவே கேஸ் சிக்குவதற்கு அடிப்படையில் சில வழிகளே உண்டு. அழுத்தம் கூடியிருக்க வேண்டும். அல்லது சுடுவதற்கு முன்பே கேஸுக்கும் சேம்பருக்கும் இடையே இடம் போதாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது சேம்பரின் சுவர் சொரசொரப்பாக இருந்து பித்தளை அந்தக் குழிகளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், கேஸ் சரியாகத்தான் விடுகிறது, அதை இழுக்கும் அமைப்புதான் பலவீனமாக இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் சிக்குகிறது?

போல்ட்டைத் திறப்பது ஒரே அசைவு போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. கைப்பிடியைத் தூக்கத் தொடங்கும்போது, பெரும்பாலான நவீன ரைஃபிள்களில், பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் அழுத்தப்பட்டு அடுத்த சூட்டுக்குத் தயாராகிறது. கூடவே போல்ட்டைப் பூட்டும் பற்களான லக்குகள் தங்கள் பிடியிலிருந்து சுழன்று விடுபடுகின்றன. கைப்பிடி மேலே போய் முடியும் இடத்தில் அதன் அடிப்பகுதி, குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதியான ரிசீவரின் பின்புறத்தில் உள்ள சாய்வான பரப்பில் ஏறி, போல்ட் முழுவதையும் கொஞ்சம் பின்னால் நெம்புகிறது. இதற்கு முதல்நிலை இழுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெம்புகோல் பலத்தோடு கேஸைச் சுவரிலிருந்து பிடுங்குவது இந்தச் சிறு அசைவுதான். அதற்குப் பிறகுதான் நாம் போல்ட்டை நேராகப் பின்னால் இழுக்கிறோம்.

முதலில் சேம்பர் காலியாக இருக்கும்போது சோதியுங்கள். காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, போல்ட்டை மூடி, டிரிகரை அழுத்தி, கைப்பிடியைத் தூக்குங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கேஸைக் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை. ஸ்பிரிங்கை அழுத்தும் சாய்வில் கிரீஸ் வறண்டிருக்கும், அல்லது குழல் மாற்றும்போது போல்ட்டைக் கழற்றிச் சேர்த்ததில் ஏதோ உரசுகிறது. லக்குகளின் பின்புறத்திலும் அந்தச் சாய்விலும் துளி கிரீஸ் வைத்தாலே தீர்ந்துவிடும் சிக்கல்கள் நிறைய உண்டு.

காலியாக இருக்கும்போது இலகுவாகவும், சுட்ட பிறகு தொடக்கத்திலிருந்தே கனமாகவும் இருந்தால் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். கேஸின் அடி, போல்ட் முகத்தை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பதால் லக்குகள் இறுகி நிற்கின்றன என்று பொருள்.

முக்கால்வாசி தூரம் சுலபமாக எழுந்து, கடைசியில் மட்டும் தடுக்கி, பலமாகத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் அது தனி ரகம். முதல்நிலை இழுப்பு வேலை செய்யும் இடத்தில் கேஸின் அடிப்பகுதி சேம்பரில் இறுகியிருக்கிறது. குழல் மாற்றிய ரைஃபிள்களில் அதிகம் கேட்கும் புகாரே இதுதான். கீழே விரிவாகப் பார்ப்போம்.

கைப்பிடி முழுதாக, சிரமமில்லாமல் மேலே வந்துவிட்டது, இழுக்கும்போதுதான் கேஸ் வர மறுக்கிறது என்றால், நெம்பும் வேலை நடக்கவே இல்லை என்று பொருள். அங்கே பார்க்க வேண்டியது போல்ட்டையும் எக்ஸ்ட்ராக்டரையும்.

அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது

பழைய குழலில் சுட்ட கேஸ்களை எடுத்து, பழைய டையில் மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் குழலில் சுடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் போட்ட பழைய குழலின் சேம்பர் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கும். எந்தத் தோட்டாவைப் போட்டாலும் ஓட வேண்டுமே. புதுக் குழலைத் துல்லியத்துக்காகப் போட்டவர், குறைந்தபட்ச அளவுகளைக் கொண்ட இறுக்கமான ரீமரால் (சேம்பரை வெட்டும் கருவி) சேம்பரைக் கடைந்திருப்பார். இரண்டுமே தரத்துக்குள் அடங்கியவைதான். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் போதும், தாராளமான சேம்பரில் விரிந்த கேஸ் இறுக்கமான சேம்பரில் சிக்கிக்கொள்ள.

டை இதைச் சரிசெய்துவிடாதா என்று கேட்கலாம். கேஸின் அடியிலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. உயரத்தில் சுவர் தடித்து அடியோடு சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கே பித்தளை கனமானது, கெட்டியானது. சாதாரண டை அந்த இடம் வரை முழுதாக ஏறாது. ஏறினாலும் அதன் உள்விட்டம் உங்கள் சேம்பரின் விட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் ஒன்றும் அழுத்தாது. கேஸின் தோள் (உடம்பு குறுகிக் கழுத்தாகும் இடம்), கழுத்து, உடம்பு எல்லாம் அழகாகச் சுருங்கியிருக்கும், அடி மட்டும் பழைய பருமனிலேயே நிற்கும். அந்தக் கேஸைப் போட்டுச் சுட்டால், விரிய இடமில்லாமல் நிற்கும் அடி, அழுத்தம் போன பிறகு சுருங்கவும் வழியில்லாமல் இறுகிவிடும். ஒருமுறை சுட்ட கேஸில் இது தெரியாது. இரண்டாவது, மூன்றாவது சூட்டில்தான் 'டிக்' கேட்கத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் அடி கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே வருவதால் இப்படி.

சோதிக்க மைக்ரோமீட்டர் ஒன்று வேண்டும். அடியிலிருந்து அந்த 5 மி.மீ. உயரத்தில் மூன்று கேஸ்களை அளந்து பாருங்கள்: சுடாத புதுக் கேஸ், புதுக் குழலில் சுட்ட கேஸ், சுட்ட பிறகு டையில் அழுத்திய கேஸ். .308 வின்செஸ்டரில் தோட்டாவின் அந்த இடத்து அதிகபட்ச அளவு 0.4709 அங்குலம், அதாவது 11.96 மி.மீ. கடைசி இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் டை அந்த இடத்தைத் தொடவே இல்லை என்று தெரிந்துவிடும். கேஸின் உடம்பில் வெவ்வேறு உயரங்களில் அளக்காமல் ஒரே உயரத்தில் அளப்பது முக்கியம். கேஸ் கூம்பு வடிவம், ஒரு மி.மீ. மேலே போனாலும் எண் மாறிவிடும்.

இன்னும் எளிய சோதனையும் இருக்கிறது. மார்க்கர் பேனாவால் கேஸின் உடம்பு முழுவதும் கருப்படித்து, காயவிட்டு, சேம்பரில் போட்டு போல்ட்டை மூடித் திறந்து எடுங்கள். எங்கே மை உரிந்து பித்தளை பளபளக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அடியைச் சுற்றி மோதிரம் போல மை போயிருந்தால் மேலே சொன்ன கதை. தோளில் போயிருந்தால் கேஸ் நீளமாக இருக்கிறது, டையைத் தாழ்த்தித் தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். போல்ட்-ஆக்‌ஷனுக்கு சேம்பரில் சுட்ட அளவிலிருந்து 0.002 அங்குலம், அதாவது 0.05 மி.மீ. பின்னால் தள்ளினால் பொதுவாகப் போதும். கழுத்தின் விளிம்பில் மட்டும் போயிருந்தால் கேஸ் வெட்ட வேண்டிய நீளத்தைத் தாண்டிவிட்டது. .308-க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டிய கேஸின் வாய் சேம்பரின் முடிவில் முட்டி, குண்டை நெருக்கிப் பிடிக்கும், அழுத்தம் தாறுமாறாக ஏறும். இந்த ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டால் இரண்டு நன்மை. பாதுகாப்பு ஒன்று. ஸ்பிரிங்கின் கனம் இல்லாததால் கைப்பிடி தானாக விழும் அளவுக்கு இலகுவாகிவிடும், சிறு உரசலும் விரலுக்குத் தெரியும் என்பது இன்னொன்று. புதுக் கேஸைப் போட்டால் கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்கி, டையில் அழுத்திய பழைய கேஸைப் போட்டால் பாதியில் நின்றால், அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

தீர்வு? என் கருத்தில் புதுக் குழலுக்குப் புதுக் கேஸ்கள்தான் முறை. பழையவற்றைத் தனி டப்பாவில் போட்டு ஒதுக்கிவிடுங்கள், அவற்றைக் காப்பாற்றப் படும் பாடு அவற்றின் மதிப்பைவிட அதிகம். அதற்குப் பிறகும் 'டிக்' வந்தால் அடியை இன்னும் குறுகலாக அழுத்தும் ஸ்மால் பேஸ் டை வாங்கலாம். சேம்பரைக் கடைந்தவரிடம் சுட்ட கேஸ்களைக் கொடுத்து, அதே ரீமருக்கு ஏற்ற டை செய்யச் சொல்வது இன்னும் நல்லது. சில ரீமர்கள் பல குழல்களைக் கடைந்து தேய்ந்து, அடிப்பகுதியில் உரிய அளவைவிடக் குறுகலாகவே சேம்பரை விட்டுவிடும். அப்படியானால் டையை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட சேம்பரைத் திருத்துவதுதான் சரியான வழி.

அதே மருந்து, வேறு அழுத்தம்

பழைய குழலில் வருடக்கணக்கில் சுட்ட அளவுதானே என்று அதே மருந்தையே புதுக் குழலில் போடுவது பலருடைய வழக்கம். ஆபத்தான வழக்கம் அது. பழைய குழலில், குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகளான ரைஃப்ளிங் தொடங்கும் இடம் சுட்டுச் சுட்டுத் தேய்ந்து முன்னால் போயிருக்கும். குண்டு தடையின்றிக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் வரிகளில் ஏறும். புதுக் குழலில் வரிகள் பக்கத்திலேயே தொடங்கும். அதே நீளத்தில் அடைத்த தோட்டாவின் குண்டு, சுடும் முன்பே வரிகளில் முட்டிக்கொண்டு நிற்கலாம். ஓடத் தொடங்கும் முன்பே தடை வந்துவிடுவதால் அழுத்தம் சீக்கிரமாகவும் உயரமாகவும் ஏறும். குழலின் உள்விட்டமும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் இன்னும் கூடும். பல புதுக் குழல்கள் முதல் நூறு இருநூறு சூடுகளுக்குள் வேகம் ஏறி, அப்புறம் நிலைகொள்ளும். அப்போது அழுத்தமும் சேர்ந்தே ஏறுகிறது.

அழுத்தம் மிஞ்சியதா என்பதைக் கேஸின் அடியே சொல்லிவிடும். எழுத்துகள் பொறித்த அந்த வட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை இருக்கும் இடத்தில் பித்தளை வழிந்து, பளபளப்பான பிறை வடிவக் குறி விழுந்திருந்தால் அது தெளிவான எச்சரிக்கை. போல்ட் சுழலும்போது அது தேய்ந்து சிறு கோடாக இழுபட்டிருக்கும். பிரைமரின் உருண்ட ஓரம் தட்டையாகி, பள்ளம் முழுக்க நிரம்பியிருப்பது இன்னொரு குறி. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், மெல்லிய பிரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். பிரைமர் தானாகவே தளர்ந்து விழுந்தால் அந்த மருந்தோடு இன்னொரு சூடுகூட வேண்டாம். கையில் மீதி இருக்கும் தோட்டாக்களைப் பிரித்துவிடுங்கள்.

இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க நல்ல வழி, பெயர் பெற்ற தயாரிப்பாளரின் தொழிற்சாலைத் தோட்டாவை அதே ரைஃபிளில் சுட்டுப் பார்ப்பது. அது சுலபமாக வெளியே வந்து உங்கள் தோட்டா மட்டும் சிக்கினால், குழலைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் உங்கள் மருந்து அளவையும் டையையும் பார்க்க வேண்டும். மருந்து அளவு எப்போதுமே கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி மேலே வர வேண்டும். புதுக் குழல் என்றால் புது ரைஃபிள்தான், அதில் சமரசம் கிடையாது.

வெயிலில் கிடந்த தோட்டா, சுட்டுச் சூடேறிய சேம்பரில் சில நிமிடம் காத்திருந்த தோட்டா இரண்டிலும் மருந்து சூடாகி அழுத்தம் கூடும். காலையில் சரியாக இருந்த தோட்டா மதியம் சிக்கினால் காரணத்தைத் தூரத்தில் தேட வேண்டாம்.

அப்புறம் எண்ணெய். குழல் போட்டு முடித்த ரைஃபிள் கையில் வரும்போது சேம்பரில் எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. சுடும் முன் அதைத் துணியால் வறண்டுபோகும் வரை துடைக்க வேண்டும். கேஸ் சுவரைப் பிடித்துக்கொள்வதால் பின்னால் தள்ளும் விசையில் ஒரு பங்கைச் சேம்பரே தாங்குகிறது. எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி போய்விடும், சுமை முழுதும் போல்ட்டின் லக்குகள்மேல் விழும், கைப்பிடி கனக்கும். சிக்குகிறதே என்று கேஸுக்கு எண்ணெய் தடவி அனுப்புவது நோயை மறைத்துவிட்டு இன்னொரு நோயை வரவழைக்கிற வேலை.

சேம்பரின் சுவரும் ஹெட்ஸ்பேஸும்

சுட்ட கேஸை நன்றாகத் துடைத்து, பூதக்கண்ணாடியில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். சேம்பரின் சுவர் அப்படியே அதில் அச்சாகியிருக்கும். சுற்றிலும் நெருக்கமான மெல்லிய வளையங்கள் இருந்தால் ரீமர் விட்ட கடைசல் தடங்கள் பாலிஷ் ஆகாமல் கிடக்கின்றன. தனியாக ஒரே ஒரு ஆழமான வளையம் தெரிந்தால் இரும்புச் சீவல் ஒன்று ரீமரோடு சேர்ந்து சுற்றிக் கீறியிருக்கலாம். உடம்பு முழுக்கச் சமமான இடைவெளியில் நீளவாக்கில் மென்மையான அலைகள் தெரிந்தால் ரீமர் அதிர்ந்திருக்கிறது. இந்த வளையங்களுக்குள் பித்தளை இறங்கிவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு சிறு கொக்கிதான்.

நீளமாக ஒரே ஒரு கீறல் மட்டும் இருந்தால், சேம்பரில் போடும் முன் கேஸின் அடியில் 12 மணி நிலையில் ஒரு கோடு போட்டு அடையாளம் வையுங்கள். அடுத்தடுத்த கேஸ்களிலும் கீறல் கோட்டிலிருந்து அதே இடத்தில் விழுந்தால் சேம்பரின் வாயில் பிசிறு இருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது கேஸ் மேகசினிலிருந்து ஏறும்போது பட்டதாக இருக்கலாம்.

சொரசொரப்பான சேம்பரை வீட்டிலேயே உப்புத்தாள் சுற்றிய குச்சியை டிரில்லில் மாட்டித் தேய்க்கும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். எடுத்த உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. கை ஒரு பக்கம் சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவமாகும், அப்புறம் ஒவ்வொரு கேஸும் அதே வடிவத்தில் உப்பும். கடைந்தவரிடமே திருப்பி அனுப்புங்கள். லேத்தில் மாட்டிச் செய்தால் அது அவருக்குச் சில நிமிட வேலை.

ஹெட்ஸ்பேஸ் என்பது போல்ட் முகத்துக்கும், கேஸை முன்னால் போகவிடாமல் நிறுத்தும் சேம்பரின் பகுதிக்கும் உள்ள தூரம். .308 போன்றவற்றில் தோள்தான் அந்தப் பகுதி. குழல் மாற்றினால் இந்தத் தூரத்தைப் புதிதாக நிர்ணயித்தே ஆக வேண்டும். அதைச் சோதிக்கும் அளவுத் துண்டுகள்தான் கேஜ்கள்: .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ கேஜ் 1.634 அங்குலம். முதல் கேஜில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. எஜெக்டரையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் ஸ்பிரிங் கையை ஏமாற்றும். சாவேஜ் ரைஃபிள்களில் குழலை ஒரு நட்டால் இறுக்கும் அமைப்பு இருப்பதால் பலர் தாங்களே குழல் மாற்றுகிறார்கள். அந்த நட்டை இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும், இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் போட்டுப் பார்க்காமல் விடவே கூடாது.

இந்தத் தூரம் கூடினால் கேஸ் சிக்குவதைவிட மோசமானது நடக்கும். கேஸின் முன்பகுதி சுவரைப் பிடித்து நிற்க, அடி பின்னால் இழுபட்டு, இடையில் பித்தளை மெலியும். வெளியே அடிக்குச் சற்று மேலே பளபளப்பான கோடு ஒன்று சுற்றிலும் தெரியும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கேஸின் உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரைத் தொட்டபடி மேலே இழுத்தால் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதை விரல் உணரும். அப்படி உணர்ந்தால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது. சுட்டால் இரண்டாகப் பிரிந்து, அடி மட்டும் வெளியே வரும், முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும்.

இழுக்கும் கை பலவீனமாக இருந்தால்

கைப்பிடி சுலபமாக எழுந்து, இழுப்பில் மட்டும் சிக்கும் ரகத்துக்கு வருவோம். போல்ட்டை மூடி, கைப்பிடியை மெதுவாகத் தூக்கியபடி அதன் அடிப்பகுதிக்கும் ரிசீவரின் பின்சாய்வுக்கும் இடையே பாருங்கள். மேலே போகப் போக இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, போல்ட் பின்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய இடைவெளி இருந்து, கைப்பிடி முழுதாக மேலே போயும் போல்ட் நகரவே இல்லை என்றால் நெம்புதல் வேலை செய்யவில்லை. கைப்பிடியை ஒட்டிய இடம் சற்றுத் தள்ளிப்போனாலே இது வரும்.

இது குழலுக்குச் சம்பந்தமில்லாத குறை. அப்படியென்றால் ஏன் குழல் மாற்றிய பிறகு தெரிகிறது? பழைய சேம்பர் தாராளமாக இருந்ததால் கேஸ் எளிதாக விட்டுக்கொடுத்தது, பலவீனமான இழுப்பே போதுமாக இருந்தது. இறுக்கமான புதுச் சேம்பர் அந்தப் பலவீனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. அக்லி இம்ப்ரூவ்ட் வகைத் தோட்டாக்களுக்குக் குழல் மாற்றியவர்கள் இதை இன்னும் அதிகம் சந்திப்பார்கள். அவற்றின் உடம்பில் கூம்புச் சாய்வு மிகக் குறைவு. கூம்பான கேஸ் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே சுற்றிலும் விடுபட்டுவிடும், நேரான உடம்பு கொண்டது வழி நெடுக உரசிக்கொண்டே வரும்.

எக்ஸ்ட்ராக்டரையும் பாருங்கள். மாசர் 98-இல் போல்ட்டின் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் பெரிய கொக்கி அது. ரெமிங்டன் 700-இல் போல்ட் முகத்துக்குள் பதிந்த மெல்லிய வளையத் துண்டு. கேஸின் விளிம்பில் பித்தளை சீவப்பட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்டர் முயன்று தோற்றிருக்கிறது, குற்றம் சேம்பரிலோ அழுத்தத்திலோ இருக்கும். விளிம்பில் ஒரு கீறலும் இல்லாமல் கேஸ் உள்ளே தங்கினால் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கவே இல்லை: அடியில் பித்தளைத் தூள் அடைத்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சில ரைஃபிள்களில் எக்ஸ்ட்ராக்டருக்காகக் குழலின் பின்முனையில் வெட்டும் பள்ளம் போதாமல் அது குழலில் இடித்துக்கொண்டிருக்கலாம். வேறு தோட்டா வகைக்குக் குழல் மாற்றியிருந்தால் விளிம்பின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். .308-இலிருந்து 6.5 கிரீட்மோருக்கு மாறினால் இரண்டின் விளிம்பும் ஒன்றுதான், 0.473 அங்குலம், பிரச்சினை இல்லை. .223 ரெமிங்டனின் விளிம்பு 0.378 அங்குலம், அதற்கு வேறு போல்ட் முகமே வேண்டும்.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது

குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும் நீங்கள் போடும் தோட்டாவும் ஒன்றுதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். குழல் மாற்றிய பழைய ரைஃபிளை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால், ரிசீவரில் இருக்கும் பெயரை நம்பவே வேண்டாம். அது முதல் குழலின் பெயர். சந்தேகம் இருந்தால் சேம்பரை வார்த்து எடுத்து அளக்கச் சொல்லுங்கள். செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். சேம்பரில் ஊற்றி, உறைந்ததும் வெளியே தள்ளி, வார்த்த ஒரு மணி நேரத்தில் அளந்தால் சேம்பரின் உண்மையான அளவு கிடைக்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் குழல் மாற்றிய ரைஃபிளை அரசுச் சோதனைச் சாலையில் உயர் அழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரை வாங்கியாக வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், அந்தச் சோதனை நடந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

போகும்போது ரைஃபிளை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சுலபமாக வந்த கேஸ் இரண்டு, சிக்கிய கேஸ் இரண்டு, டையில் அழுத்திய கேஸ் ஒன்று, சுடாத புதுக் கேஸ் ஒன்று, உங்கள் டை, எல்லாவற்றையும் தனித்தனி உறையில் போட்டு எது எது என்று எழுதி எடுத்துப்போங்கள். கைப்பிடி எந்த இடத்தில் தடுக்கியது, தொழிற்சாலைத் தோட்டாவிலும் அப்படியா, எத்தனையாவது சூட்டிலிருந்து என்ற மூன்று விவரங்களும் அதே காகிதத்தில் இருக்கட்டும். கேஸ்களைக் கழுவிப் பளபளப்பாக்கிக் கொண்டுபோக வேண்டாம், புகைக்கறையும் கீறலும்தான் அவருக்கு வேண்டும்.